ஷப்லியைச் சிப்பியோடுதான் குடிக்க வேண்டுமா?

கேட்டிருப்பவர் பாரிஸ் புறநகரில் வசிப்பவர். உடன் வேலை செய்யும் பிரெஞ்சு நண்பரின் குடும்பம் சனிக்கிழமை இரவு விருந்துக்கு வருகிறது. அன்பளிப்பாக வந்த ஷப்லி வெள்ளை வைன் போத்தல் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. அதன் லேபிளில் 'பிரமியே க்ரூ', 'வையோன்', '2020' என்று உள்ளது. இதற்குச் சிப்பிதான் பொருத்தம் என்று வைன் கடைக்காரர் சொல்லிவிட்டார். வீட்டிலோ ஒருவரும் சிப்பியைத் தொடுவதில்லை. ஆகவே வேறு எதைச் சமைக்கலாம், ஷப்லி நிலத்திலுள்ள சிப்பிப் புதைபடிவங்களின் சுவை வைனில் இறங்குவதால்தான் இந்தப் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னது உண்மையா, நமது கறிகளோடு இதை வைக்க முடியுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மூன்றும் ஒரே கேள்விதான்: சிப்பியும் ஷப்லியும் சேர்வதற்குக் காரணம் ஏதேனும் உண்டா, அல்லது அது வெறும் வழக்கமா? காரணம் இருந்தால், அதே காரணம் பொருந்துகிற வேறு உணவுகளும் இருக்கவே செய்யும்; வெறும் வழக்கம் என்றால் அதைக் கைவிடுவதில் இழப்பில்லை. காரணம் உண்டு, ஆனால் அது கடைக்காரர் சொன்ன காரணம் அன்று என்பதே என் பதில். நான் பாரிஸ் உணவகங்களின் குசினியில் தொடங்கி, பிறகு சொமெலியே பயிற்சி பெற்று, வைனைத் தேர்ந்து மேசையில் பரிமாறுவதையே தொழிலாகக் கொண்டவன். ஆகையால் மேசையில் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மண்ணியலும் வேதியியலும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை, அவற்றில் அறிஞர்கள் உடன்படும் இடத்தையும் உடன்படாத இடத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் போத்தலுக்குள் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஷப்லி என்ற சிற்றூர் பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், யோன் மாவட்டத்தில், செரன் என்ற சிறிய ஆற்றின் கரையில் இருக்கிறது. வைன் கணக்கில் அது பர்கண்டியைச் சேர்ந்தது. ஆனால் பர்கண்டி வைனின் தலைநகராகிய போன் நகரைக் காட்டிலும் ஷம்பெயின் பகுதியின் தென்கோடித் தோட்டங்களே அதற்கு அருகில் உள்ளன. ஷார்தொனே என்ற ஒரே வெள்ளைத் திராட்சையிலிருந்துதான் அதைச் செய்யலாம். அந்தப் பெயருக்கான சட்ட எல்லை 1938இல் வரையறுக்கப்பட்டது. அமெரிக்காவில் மலிவான வெள்ளை வைனையெல்லாம் ஷப்லி என்று பெயரிட்டு விற்ற நீண்ட காலம் ஒன்று உண்டு, பிரான்சில் வாங்கிய போத்தலில் அந்தக் கவலை இல்லை. இதே ஷார்தொனே வெயில் மிகுந்த நாடுகளில் பழுத்த அன்னாசியின் மணமும் கொழுமையும் கொண்ட வைனைத் தருகிறது. ஷப்லியில் அதற்கு அந்த வெயில் கிடைப்பதில்லை. ஏப்ரலில் துளிர் விட்ட பிறகும் உறைபனி வருகிற நிலம் அது. 2016இலும் 2021இலும் வந்த உறைபனி பல தோட்டங்களின் விளைச்சலில் பெரும்பகுதியை ஒரு சில இரவுகளில் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட இரவுகளில் சிலர் கொடிவரிசைகளுக்கிடையே பெரிய மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைக்கிறார்கள். சிலர் விடியும் வரை கொடிகள் மீது தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். தெளித்த நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைப் பூச்சியப் பாகைக்குக் கீழே போகவிடாது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு துளிரும் மேசைவிளக்கின் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்ததுபோலப் பனிக்கட்டிக்குள் பச்சையாக இருக்கும். இந்தக் குளிரை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், வைனின் சுவைக்கும் அதுவே முதற்காரணம் என்பதுதான். மெதுவாகப் பழுக்கும் திராட்சையில் புளிப்பு குறையாமல் நிற்கிறது, பழமணம் அடங்கி நிற்கிறது, சாறு முழுவதும் நொதித்து முடிவதால் இனிப்பு ஏறத்தாழ இல்லை. புளிப்பு, அடக்கம், இனிப்பின்மை ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பொருத்தங்களில் பெரும்பாலானவற்றை நீங்களே கணித்துவிடலாம்.

சிப்பியின் கதைக்கு வருவோம். ஷப்லி கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர். அங்கே சிப்பி விளைவதில்லை. இந்தச் சோடி பாரிஸ் மேசையில் உருவானது. யோன் ஆறு பாய்ந்து சேன் ஆற்றில் கலப்பதால், ஒசேர் நகரத் துறையிலிருந்து படகுகளில் இந்த வெள்ளை வைன் பாரிஸுக்கு எளிதாக வந்து சேர்ந்தது. சிப்பி நார்மண்டி, பிரெத்தான் கரைகளிலிருந்து அதே நகரத்துக்கு வந்தது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன, நகரத்தார்க்குப் பிடித்துப்போயிற்று. சிப்பி விளையும் ஊர்களில் நிலைமை வேறு. நாந்த் பக்கத்தில் சிப்பியோடு முஸ்கதே குடிக்கிறார்கள். அர்காஷோன் குடாவில் போர்தோ நாட்டின் ஆந்த்ர தூ மேர் வெள்ளை வைனைக் குடிக்கிறார்கள், கூடவே கிரெபினெத் என்ற சூடான பன்றியிறைச்சிச் சொசேஜையும் ஒரு கடி கடிக்கிறார்கள். இந்த மூன்று வைன்களும் வெவ்வேறு திராட்சைகளிலிருந்து, வெவ்வேறு மண்ணில் விளைந்தவை; இவற்றில் முஸ்கதேயின் நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லே அன்று. மூன்றுக்கும் பொதுவாக இருப்பவை புளிப்பும் இனிப்பின்மையும் மரவாசனை இல்லாமையும் மட்டுமே. சிப்பிக்கு ஷப்லிதான் என்ற விதியைத் தளர்த்த இந்த ஒரு செய்தியே போதும் என்பது என் கருத்து.

அந்தப் பொதுப்பண்பு வாயில் என்ன செய்கிறது என்பதைச் சிப்பியை வைத்தே விளக்குகிறேன், பிறகு சிப்பியை விட்டுவிடலாம். ஓடு திறந்த சிப்பியில் முதலில் நாக்கில் படுவது கடல் உப்பு. அடுத்து, மென்றவுடன், பால்போன்ற கொழுமையும் ஒருவகை இனிப்பும். கடைசியில் செம்பு நாணயத்தை நாவில் வைத்தது போன்ற உலோகச் சுவையின் சாயல். உப்பு வைனின் புளிப்பைச் சற்று மழுக்கி அதன் பழச்சுவையை முன்னே கொண்டுவருகிறது. தனியே குடிக்கும்போது கூர்மையாகக் குத்திய ஷப்லி, உப்புக்குப் பின் வட்டமாகத் தெரிவது இதனால்தான். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது. கொழுமை படிந்த வாய் அடுத்த கவளத்துக்குத் தயாராகிறது. தேசிக்காய் பிழிவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆகவே நல்ல ஷப்லி இருக்கும் மேசையில் சிப்பிக்குத் தேசிக்காய் தேவைப்படுவதில்லை. உப்பும் புளிப்பும் உள்ள உணவு வைனை மென்மையாக்கும், இனிப்பு மிகுந்த உணவு அதைக் கடுமையாக்கும் என்பது எல்லாச் சொமெலியே பயிற்சிகளிலும் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படுவது; நீங்களே ஒரு துளி உப்பையும் ஒரு துண்டுத் தேசிக்காயையும் வைத்து வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். இதுவரை சொன்னது உறுதியான பகுதி.

இனி ஐயத்துக்குரிய பகுதி. ஷப்லியின் சரிவுகளில் உள்ள மண் கிம்மெரிட்ஜியன் எனப்படும் காலத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் பழையது. அங்கே கொடிவரிசைகளுக்கிடையே குனிந்து ஒரு கல்லை எடுத்தால், விரல்நகத்தைவிடச் சிறிய, காற்புள்ளி போல வளைந்த சிப்பி ஓடுகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எக்ஸோகைரா விர்குலா என்பது அந்தச் சிப்பியின் பெயர். இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்தச் சிப்பியின் சுவை வேர் வழியாகத் திராட்சைக்கும், திராட்சை வழியாகக் குவளைக்கும் வருகிறது என்பது உண்மையன்று. கல்லாகிப்போன ஓடு வெறும் கால்சியம் கார்பனேட்டு; அதற்குக் கடலின் சுவையும் இல்லை, சிப்பியின் சுவையும் இல்லை. கொடியின் வேர் நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வைனில் அவை மிகச் சிறிய அளவில் இருக்கின்றன, அந்த அளவில் நாக்குக்கு அவற்றைக் கல்லாகச் சுவைக்க வழியில்லை. அப்படியானால் ஷப்லியில் எல்லோரும் உணர்கிற அந்த ஈரக்கல், தீக்கல் மணம் எங்கிருந்து வருகிறது? இதில்தான் அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. உயர்ந்த புளிப்பும் அடங்கிய பழமணமும் சேர்ந்து ஏற்படுத்தும் உணர்வு அது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நொதித்தலின்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களைச் சுட்டுகிறார்கள் இன்னொரு சாரார். ஷார்தொனே வைன்களில் தீக்கல் மணத்தைத் தரும் பென்சீன்மெத்தேன்தயோல் என்ற சேர்மத்தைப் போர்தோ ஆய்வாளர்கள் இனங்கண்டது இதற்கு வலுவூட்டுகிறது. நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சற்றே சாய்கிறேன், ஏனெனில் ஒரே சரிவில் விளைந்த திராட்சையிலிருந்து இரு தயாரிப்பாளர்கள் செய்த வைன்களில் ஒன்றில் தீக்கல் மணம் ஓங்கியும் மற்றதில் அறவே இல்லாமலும் இருப்பதை அடிக்கடி காண்கிறோம். மண்ணுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பும் களியும் கலந்த அந்த மண் மழைநீரை வடியவும் விடுகிறது, வறட்சியில் தாங்கியும் வைக்கிறது, அதனால் திராட்சை சீராகப் பழுக்கிறது. மண் சுவையை ஊட்டுவது இந்தச் சுற்றுவழியில்தான். கடைக்காரரின் கதை அழகானது, வைனை விற்கவும் உதவும். சமையலைத் தீர்மானிக்க உதவாது.

மீனோடு வைன் குடித்தபின் சில வேளை தொண்டையில் எழும் கெட்ட மீன்வாடையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் சிப்பியை விட்டு மீனுக்குப் போகப்போகிறோம். இதற்கு ஓரளவு உறுதியான விடை 2009இல் கிடைத்தது. ஜப்பானின் மெர்சியன் நிறுவன ஆய்வாளர்கள் பல வைன்களை உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு சுவைத்துப் பார்த்து, அந்த வாடை வைனிலுள்ள இரும்பின் அளவோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டினார்கள். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பொருளைச் சேர்த்தபோது வாடை குறைந்தது. வைனில் இரும்பின் அளவு மண், அறுவடை, பாத்திரம் எனப் பலவற்றைப் பொறுத்து மாறுவதால், வெள்ளை வைன் என்றால் கவலையில்லை, சிவப்பு என்றால் ஆபத்து என்று பொதுப்படச் சொல்வது முழுச் சரியன்று. என் கைப்பழக்கம் எளியது: விருந்துக்கு முன் ஒரு மிடறு வைனை ஒரு சிறு துண்டு மீனோடு சுவைத்துப் பார்த்துவிடுவேன். எண்ணெய் மிகுந்த கானாங்கெளுத்தி, சாளை போன்றவற்றில்தான் இந்தச் சிக்கல் அதிகம் எழுகிறது. வெண்சதை மீன்களில் அரிது.

உங்கள் போத்தலின் தகுதியும் பொருத்தத்தை மாற்றும். ஷப்லியில் நான்கு படிகள் உண்டு. மேட்டுநிலத்தில் விளையும் பெத்தி ஷப்லி இளமையிலேயே குடிக்க வேண்டியது. அதற்கு மேல் வெறும் ஷப்லி, இதுவே மிகுதியாக விளைவது. அதற்கு மேல், பெயர் பெற்ற நாற்பது தோட்டப்பகுதிகளிலிருந்து வரும் பிரமியே க்ரூ. உச்சியில், ஊருக்கு எதிரே ஆற்றின் வலக்கரையில் தென்மேற்கு நோக்கிச் சரியும் ஒரே குன்றில் ஏழு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும் கிரான் க்ரூ. அந்தக் குன்று முழுவதும் ஏறத்தாழ 100 ஹெக்டேர்தான். உங்கள் வையோன் ஆற்றின் இடக்கரையில், தென்கிழக்கு நோக்கிய சரிவில் உள்ளது. காலை வெயில் வாங்கும் நிலம். வலக்கரையின் ஃபூர்ஷோம், மோந்தே த தொனேர் ஆகியவற்றைவிட அதில் உடற்கட்டு மெலிந்தும் பூமணமும் தேசிக்காய் மணமும் முன்னேயும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் தயாரிப்பாளரின் கை இதையெல்லாம் புரட்டிவிடக்கூடும். லூயி மிஷெல் போன்றோர் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியிலேயே வைனை வைத்து மரத்தைத் தொடவிடுவதில்லை. ரவனோ, தோவிசா ஆகிய குடும்பத்தார் பழைய மரப்பீப்பாய்களைப் பயன்படுத்துகிறார்கள். எஃகில் வளர்ந்தது மெலிந்த, கூர்மையான உணவுகளுக்கும், பீப்பாயில் வளர்ந்தது கிறீம் சேர்ந்த, வறுத்த உணவுகளுக்கும் ஏற்றது. தயாரிப்பாளரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் இதில் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். ஆண்டைப் பற்றி ஒன்று: 2020 வெயிலும் வறட்சியும் மிகுந்த ஆண்டு, அறுவடை ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கிவிட்டது, ஆனாலும் புளிப்பு நன்றாகவே தங்கியது. பிரமியே க்ரூ பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நன்றாக இருக்கும், ஆகவே உங்கள் போத்தல் முதிர்ச்சியைத் தொட்டிருக்கும். தேசிக்காயும் பச்சை அப்பிளும் சற்றுப் பின்வாங்கி, தேனும் உலர்ந்த புல்லும் காளானும் நினைவூட்டும் மணங்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கலாம். அப்படி முதிரத் தொடங்கிய வைனைப் பச்சைச் சிப்பியோடு வைப்பதைவிடச் சமைத்த உணவோடு வைப்பதே நல்லது. கடைக்காரரின் யோசனை இளம் ஷப்லிக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது. உங்கள் வீட்டில் சிப்பி இல்லாதது இந்த வகையில் ஒரு நன்மை.

எந்த வைனுக்கும் பொருத்தம் தேடும்போது, அது விளைகிற ஊரார் மேசையில் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். அவர்கள் எப்போதும் சரி என்பதற்காக அன்று, தலைமுறைகளாகச் சோதித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக. ஷப்லியில் சிப்பிக்கு முன் உங்கள் கண்ணில் படுவது கூஜேர். வெண்ணெயும் மாவும் முட்டையும் சேர்த்துக் கிளறிய கலவையில் துருவிய கொந்தே அல்லது கிருயேர் சீஸைக் கலந்து போறணையில் வேகவைக்கும் சிறு உருண்டை அது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெற்றிடம், பிய்த்தால் ஆவியோடு சீஸ் மணம். சூடாக ஒன்றை வாயில் போட்டு ஒரு மிடறு ஷப்லி குடித்தால், முன்னே சொன்ன உப்பு, கொழுப்பு, புளிப்பு விளையாட்டு முழுவதும் சிப்பி இல்லாமலே நடந்துவிடும். வைன் பாதாளறைகளில் சுவைக்க வருவோருக்குத் தட்டில் வைத்து நீட்டுவது இதைத்தான். அடுத்தது ஷப்லிப் பன்றித்தொடை. சமைத்த பன்றித்தொடைத் துண்டுகளை வெங்காயம், தக்காளி, கிறீம், ஷப்லி வைன் சேர்த்த சாற்றில் சூடாக்கித் தருவது. ஆந்துயெத் என்ற பன்றிக்குடல் சொசேஜும் அந்த ஊரின் பெருமை. அதன் வாடை எல்லோருக்கும் ஒத்துவராது, புதிதாக வருவோர்க்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை, ஆனால் அந்த வாடையை வெட்ட ஷப்லியின் புளிப்பைப் போல வேறொன்று இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். உள்ளியும் கொத்தமல்லிபோன்ற பெர்சி இலையும் அரைத்த வெண்ணெயில் வெந்த பர்கண்டி நத்தைக்கும் இதே நியாயந்தான். இந்தப் பட்டியலில் கடல் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உப்பும் கொழுப்பும்தான் எல்லாவற்றிலும் வருகின்றன.

சீஸுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சுக்காரர் சிவப்பு வைனை சீஸுக்கென்று ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. பெரும்பாலான சீஸ்களுக்கு வெள்ளை வைனே பாங்கானது. ஷப்லிக்கு அருகிலேயே, யோன், ஓப் மாவட்டங்களின் எல்லையில், ஷவூர்ஸ் என்ற பசும்பால் சீஸ் செய்யப்படுகிறது. 1970 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியே வெண்பஞ்சு போன்ற தோல், தோலுக்கு உள்ளே ஓரம் மட்டும் இளகி ஒழுக, நடுவே சுண்ணாம்புபோல் நொறுங்கும் வெண்மை, உப்பும் லேசான தயிர்ப்புளிப்பும். உங்கள் வையோனுக்கு இதைவிடப் பொருத்தமான சீஸ் எனக்குத் தோன்றவில்லை. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கொந்தேயும், உலராத ஆட்டுப்பால் சீஸும் அடுத்தபடி. எப்வாஸ் போன்ற கடும்வாடைச் சீஸ்கள் ஷப்லியை அமுக்கிவிடும். அந்த ஊர்க்காரர்களே இதில் இருவிதமாகப் பேசுவார்கள்.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு. ஒரு போத்தலில் 75 சென்டிலீட்டர்தான் இருக்கிறது. ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு குவளை. ஆகவே வந்தவுடன் கொடுக்கும் வைனுக்கு வேறொரு சாதாரண ஷப்லியையோ பெத்தி ஷப்லியையோ வாங்கிக் கூஜேருடன் கொடுத்துவிட்டு, பிரமியே க்ரூவைப் பிரதான உணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரதான உணவாக நான் சொல்வது கிறீமும் காளானும் சேர்த்த கோழி. கோழித்தொடைகளைத் தோல் பொன்னிறமாகும் வரை வெண்ணெயில் வறுத்து எடுத்து, அதே சட்டியில் சின்ன வெங்காயத்தையும் காளானையும் வதக்கி, ஒரு குவளை வெள்ளை வைன் ஊற்றிப் பாதியாக வற்றவிட்டு, கோழியைத் திரும்பப் போட்டு மூடி வேகவைத்து, கடைசியில் கிறீம் சேர்த்தால் போதும். சட்டியில் ஊற்றும் வைனுக்கு உங்கள் பிரமியே க்ரூவை எடுக்காதீர்கள். கொதியில் அதன் நுண்மணம் எல்லாம் ஆவியாகிவிடும், அலிகொத்தே என்ற மலிவான வெள்ளை வைன் அந்த வேலையை அதே அளவு செய்யும். முதிர்ந்த ஷப்லியின் காளான் மணமும் சட்டியிலுள்ள காளானும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். கோழி வேண்டாம் என்றால் வெண்சதை மீன்: சோல், கபியோ, சாந்த்ர் ஆகியவற்றில் ஒன்றை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, அந்த வெண்ணெய் பழுப்பேறும் நேரத்தில் சிறிது தேசிக்காய்ச்சாறு விட்டு மேலே ஊற்றித் தரலாம். இறைச்சியும் மீனும் உண்ணாதவர் மேசையில் இருந்தால், கொந்தே சீஸ் சேர்த்த காளான் ரிசோத்தோ அதே இடத்தை நிரப்பும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. சீஸுக்கு முன் சலாது வைப்பது இங்கே வழக்கம். அதன் வினாகிரிப் புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சிவிடுவதால், அதற்குப் பின் குடிக்கும் ஷப்லி தண்ணீராகத் தெரியும். வினாகிரிக்குப் பதில் தேசிக்காயும் நல்ல ஒலிவெண்ணெயும் போடுங்கள், அல்லது சலாதை விட்டே விடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆர்த்திசோ என்ற காய் அதன் பின் வரும் எதையும் இனிப்பாகத் தோன்றச் செய்யும் இயல்புடையது. வைன் மேசைக்கு அது பகை. இனிப்புப் பண்டங்களோடு ஷப்லியைக் குடித்தால் வெறும் புளிப்பு மட்டுமே மிஞ்சும், ஆகவே கேக் வருவதற்குள் குவளைகளைக் காலியாக்கிவிட வேண்டும்.

கடைசியாக நமது கறி. நண்டுக்கறியோடும் ஆட்டிறைச்சிக் கறியோடும் இந்தப் போத்தலை வைக்காதீர்கள். மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும் என்பது உறுதியான செய்தி. எரிகிற வாயில் ஷப்லியின் நுண்ணிய மணங்களில் எதுவும் நிற்காது, அதன் புளிப்பு மட்டும் காயத்தில் பட்டதுபோல் உறைக்கும். அத்தகைய கறிகளுக்கு அல்சாஸின் கெவுர்ஸ்த்ராமினரோ, லுவார் பகுதியின் சற்று இனிப்புள்ள வூவ்ரேயோ பொருத்தம். இனிப்பு எரிவைத் தணிக்கும். ஆனால் நம் சமையலில் உறைப்பு இல்லாத பக்கம் ஒன்றும் உண்டு, அதை விருந்தினருக்குக் காட்டாமல் விடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்த கணவாய் ஷப்லியோடு கூஜேரைப் போலவே நடந்துகொள்ளும். மீன்சொதியும் அப்படியே: தேங்காய்ப்பாலின் கொழுமை, இறக்கும் நேரத்தில் விடும் தேசிக்காய்ப் புளி, மென்மையான வெண்மீன் எல்லாம் ஷப்லிக்குத் தேவையானவையே, பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டு, பரிமாறுமுன் எடுத்துவிட்டால் போதும். இந்தச் சொதிச் சோடி புத்தகங்களில் இருப்பதன்று, என் மேசையிலும் நண்பர்கள் மேசைகளிலும் கண்டது. கறிவேப்பிலையின் மணம் வைனை மறைத்துவிடுகிறது என்று சிலர் சொன்னதும் உண்டு, ஆகவே அதைக் குறைத்தே போடுங்கள். நேரம் இருந்தால் வெள்ளிக்கிழமையே சிறிதளவு வைத்துப் பார்த்துவிட்டு, கோழியா சொதியா என்று முடிவுசெய்யலாம்.

போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உணவுக்கு அரைமணி நேரம் முன்பாக வெளியே எடுத்து வையுங்கள். 11 அல்லது 12 பாகையில் இருப்பதே பிரமியே க்ரூவுக்கு நல்லது, 5 பாகையில் நீங்கள் உணர்வது குளிரை மட்டுமே. வாய் சற்றுக் குறுகிய, நடு அகன்ற குவளை போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். திறந்தவுடன் தீக்குச்சி கொளுத்திய வாடை வந்தால் போத்தல் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், சில நிமிடங்களில் அது அடங்கும். ஆனால் நனைந்த காகித அட்டையின் வாடை வந்தால் அது தக்கையின் குற்றம், எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது, அன்பளிப்பு என்று பாராமல் ஊற்றிவிட்டு, வந்தவுடன் கொடுக்க வாங்கிய சாதாரண ஷப்லியையே மேசைக்குக் கொண்டுவாருங்கள். அதற்காகவே அதில் இரண்டு போத்தல் வாங்கி வைக்கச் சொல்வேன்.